ஊன்றிய கால்

எய்யா,

வெள்ளிக்கிழமை காலையில் நீ போன் பண்ணும்போது நான் ரிசீவரைக் காதோடு ஒட்டி வைக்காமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்கிறேன். என் குரல் உனக்குத் தூரத்தில் கேட்பது அதனால்தான். நீ நினைப்பதுபோல லைன் கோளாறு இல்லை. பக்கத்து நாற்காலியில் உன் அப்பா உட்கார்ந்திருக்கிறார். செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாமல், உன் குரல் கசிந்து வருமா என்று தலையை இந்தப் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார். "வச்சிருதேம்மா" என்று நீ சொன்னதும் எழுந்து கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவரைப் பற்றி உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன். நீ வேலைக்குப் போன ஊரில் அடிக்கிற வெயிலைப் பற்றியும், உன்னோடு தங்கியிருக்கும் கேரளத்துப் பையனின் மீன்குழம்பைப் பற்றியும் பதில் போட்டாய். அப்பா வருகிற இடத்தை மட்டும் தாண்டிப் போயிருந்தாய். ஆகவே இந்த முறை இதை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். மாதாமாதம் நான் உனக்குத் தபாலில் அனுப்பிவைக்கும் பத்திரிகை இது. முகப்பிலிருந்து அச்சகத்தின் முகவரி வரை விடாமல் படிக்கிறவன் நீ. வீட்டு விஷயத்தை வாசலுக்குக் கொண்டுபோகாதவள் உன் அம்மா என்பது உனக்குத் தெரியும். பெயர் எதுவும் போடவில்லை. படிக்கிற மற்றவர்களுக்கு நாம் யாரோ. உனக்கு முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். பாதியில் மூடி வைத்துவிடாதே.

உதையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வாழ்க்கையில் ஒரு தடவைகூட யாரையும் உதைத்திராத ஒருத்தி அதைப் பற்றி என்ன எழுதிவிட முடியும் என்று நீ சிரிக்கலாம். ஆனால் நம் ஊரில் என் அளவுக்கு உதைகளைப் பார்த்த பெண் வேறு யாராவது இருப்பாளா என்பது சந்தேகம். நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூட மைதானத்துச் சிமெண்டுத் தளத்தில் கராத்தே வகுப்பு ஆரம்பித்தார்கள். சனி, ஞாயிறு சாயங்காலம். உன்னைக் கூட்டிப்போய்விட்டு, முடியும்வரை காம்பவுண்டுச் சுவரின் நிழலில் உட்கார்ந்திருப்பேன். அப்பாக்கள் ஒரு பக்கம் கூட்டமாக நிற்பார்கள். அம்மா என்று நான் ஒருத்திதான். எனக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது. நிமிர்ந்து பார்த்தால் யாராவது என்னைப் பார்ப்பார்கள் என்று கூச்சம். நூலகப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துத் தலையைக் குனிந்துகொள்வேன். அப்படிக் குனிந்தபடி கண்ணை மட்டும் கொஞ்சம் தூக்கினால் பிள்ளைகளின் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். காற்றில் பறக்கும் கால்கள் என் கண்ணுக்கு எட்டவில்லை. தரையில் நிற்கும் கால்கள்தான் எட்டின. மைதானம் முழுக்க உதைக்கிற காலைப் பார்த்தது. நான் மட்டும் ஊன்றிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாரா வாரம் பார்த்ததில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே அவன் உதை எப்படிப் போயிருக்கும் என்று சொல்லிவிடும் அளவுக்கு அது எனக்குப் பழகிவிட்டது.

அந்த மாஸ்டரின் உதை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் முழங்கால் மேலே வரும். பிறகுதான் பாதம் போகும். விரல்களை மேல்நோக்கி மடக்கிக்கொண்டு, விரலுக்கும் உள்ளங்காலுக்கும் நடுவே இருக்கும் மேட்டால் தொடுவார். தொட்ட நொடியில் கால் திரும்ப வந்துவிடும். போன வேகத்தைவிடத் திரும்பிய வேகம் அதிகமாக இருக்க வேண்டும் என்பார். எதிரே நிற்பவனின் சட்டை அசைய வேண்டும், அவன் அசையக் கூடாது. எவ்வளவு பலமாக அடித்தாய் என்பதற்கு அங்கே மதிப்பில்லை, எங்கே நிறுத்தினாய் என்பதுதான் மதிப்பு. தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருந்த ஒருவர், அவர் மகன் உன்னோடுதான் படித்தான், நம் உரக்கடையைப் பூட்டிவிட்டு உன் அப்பா வருகிற நாளில் சுவரோரம் நின்று அவரைச் சீண்டுவார். "என்ன அண்ணாச்சி, தொடாமலே உதைக்கதுக்கா பிள்ளைய அனுப்புதோம்? இந்த உதைக்குப் பயந்து நம்ம கடைப் பூனைகூட ஓடாது போலிருக்கே." உன் அப்பா விட்டுக்கொடுக்கமாட்டார். "ஒங்க கம்பெனித் தீக்குச்சியும் அப்படித்தான அண்ணாச்சி. ஒரசுனா பத்தணும்னு என்ன கட்டாயமா இருக்கு?" சுவரோரம் முழுக்கச் சிரிக்கும். நான் புத்தகத்துக்குள் சிரித்துக்கொள்வேன்.

உன் அப்பாவுக்கு வேறு ஒரு உதை தெரியும். விளாத்திகுளம் பக்கத்தில் அவர் ஊரில், கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கம்பு சுற்றுகிற இளவட்டங்கள் குத்துவரிசையும் சேர்த்துப் பழகுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவரும் அதில் ஒருவர். அதில் கால் இடுப்புக்கு மேலே போவதே கிடையாது. முழங்காலுக்குக் கீழே குதிகாலால் ஒரு தள்ளு, கணுக்காலைப் பார்த்து ஒரு வாருதல், தொடையில் ஓர் இடி. பார்க்க அழகே இருக்காது. சண்டை மாதிரியே தெரியாது, சந்தையில் நெரிசலில் இடித்துக்கொண்டு போவது மாதிரி இருக்கும். ஆனால் வாங்கினவன் எழுந்திருக்கமாட்டான் என்பார். "கால இடுப்புக்கு மேல தூக்குனா எதிராளி பிடிச்சுக்கிடுவான். பெறவு ஒரு காலு அவன் கையில, ஒரு காலு ஆண்டவன் கையில" என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். மழை பெய்து இரண்டு நாள் கழித்து உன்னை மொபெட்டில் உட்காரவைத்துக் நம் புன்செய்க் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். பருத்தி போடாமல் விட்ட துண்டில் உன்னை நடக்கவிடுவார். கரிசல் மண் உன் பாதத்தில் அப்பிக்கொண்டு, நாலு எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு காலும் அம்மிக்கல் மாதிரி கனக்கும். அந்த மண்ணோடு உதைக்கச் சொல்வார். வீட்டுக்கு வந்து கால் கழுவினபிறகு, "அம்மா, என் காலக் காணும்மா, அவ்வளவு லேசா இருக்கு" என்று நீ கூடத்தில் பறப்பாய்.

அந்த மண்ணில் நின்றுதான் உனக்கு அவர் ஒரே ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஊன்றின காலை அசைக்காதே. மாஸ்டர் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். முன்னால் உதைக்கும்போது சரி, பக்கவாட்டில் சுற்றி வரும் உதைக்கு ஊன்றிய பாதமும் சேர்ந்து திரும்ப வேண்டும் என்றார். ஒருநாள் சாப்பிடும்போது நீ கேட்டாய்.

"மாஸ்டர் கால திருப்பச் சொல்லுதாருப்பா. நீங்க திருப்பாதங்கீங்க. நான் எதச் செய்ய?"

"அவரு எதுல நிக்காரு?"

"சிமெண்டுத் தரையில."

"நீ எதுல நிக்க?"

நீ கொஞ்சம் யோசித்து, "இப்பம் சோத்துக்கு முன்னால உக்காந்திருக்கேன்" என்றாய். அவருக்குப் புரையேறிவிட்டது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார். "ஏலே, கரிசல்ல நின்னுக்கிட்டு கால திருகுனா பாதம் மண்ணுலயே இருக்கும், முட்டி மட்டும் திரும்பும். பெறவு முட்டிய யாரு ஒட்டவைக்கது? ஊனுனா ஊனுனதுதான்." அவர் சொன்னது தப்பில்லை. அந்த மண்ணுக்கு அதுதான் சரி. அதை நான் அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். நீ நினைப்பதுபோல அவர் ஒன்றும் தெரியாமல் உளறிய ஆள் இல்லை. அவருக்குத் தெரிந்த தரையைப் பற்றி அவர் உண்மையைத்தான் சொன்னார்.

நீ பள்ளிக்கூடம் முடிக்கிற சமயத்தில் நம் வீட்டுக்குக் கேபிள் வந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கையில் புத்தகம் இருக்கும், கண் டிவியில் இருக்கும். தாய்லாந்துக்காரர்கள் காலை வீசுவதைப் பார்த்து முதல் நாள் பயந்துபோனேன். அவர்கள் பாதத்தால் தொடுவதில்லை, முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பால் அடிக்கிறார்கள். கோடாலியைப் பிடித்து வீசுகிற மாதிரி இடுப்போடு சேர்த்து மொத்தக் காலையும் விட்டுவிடுகிறார்கள். அதைத் திரும்ப இழுப்பதே இல்லை. குறி தப்பினால் அந்த ஆளே ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிற்கிறான். ஊன்றிய கால் முன்விரலில் எம்பி நிற்கிறது, குதிகால் தரையைத் தொடுவதில்லை. ஒரு நாள் களரி காட்டினார்கள். முழங்காலை மடக்காமல், நெட்டுக்குத்தாகக் காலை வீசித் தலைக்கு மேல் நீட்டிய கையில் பாதத்தைத் தொடுகிறார்கள். அடிப்பதற்கு முன்னால் உடம்பை அப்படி வளைத்துப் பழக்குகிறார்களாம். அப்புறம் நூலகத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தில், பிரான்சு தேசத்தில் பூட்ஸ் போட்டுக்கொண்டே உதைக்கும் ஒரு சண்டை இருப்பதாகப் படித்தேன். பூட்ஸ் நுனியால் குத்துவார்களாம். உனக்குச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "அப்பம் நம்ம ஊர்ல செருப்பக் கழத்தி அடிக்கது என்ன கணக்கும்மா?" என்றாய். இத்தனையும் பார்த்தபின் எனக்கு ஒன்று தோன்றியது. ஓர் ஊர்க்காரன் எப்படி உதைப்பான் என்பதை அவன் காலுக்கடியில் இருக்கும் தரைதான் முடிவு செய்கிறது. தரை மாறினால் உதையும் மாற வேண்டும். இதை நான் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டு உன் அப்பாவிடம் சொன்னேன். "அதத்தான நான் மொதல்லயே சொன்னேன்" என்றார்.

காலேஜில் சேர்ந்து விடுதிக்குப் போன பிறகு நீ டேக்வாண்டோ பிடித்துக்கொண்டாய். தீபாவளிக்கு வந்தவன், பையை இறக்கிவைப்பதற்குள் மொட்டைமாடியில் செய்து காட்டினாய். அது கராத்தே உதையின் பங்காளி மாதிரி இருந்தது, ஆனால் குணம் வேறு. இடுப்பைத் தூக்கி எறிகிற வேகத்தில் பாதத்தின் மேற்பக்கம் போய்ப் பளார் என்று விழ வேண்டும். நெஞ்சில் கட்டியிருக்கும் கவசத்தில் சத்தம் கேட்டால்தான் நடுவர் பொத்தானை அமுக்குவார். சட்டை நுனியில் நிறுத்துவதற்கு அங்கே ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஊன்றிய பாதம் முழுக்கத் திரும்பிக் குதிகால் எதிராளியைப் பார்க்க வேண்டும். அது உனக்கு வரவில்லை. கோச் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டு, குதிகால் அந்தக் கோட்டுக்கு வந்தால்தான் சோறு என்றாராம். உன் அப்பா மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பயந்த மாதிரி அவர் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. "அங்கன அவரு சொல்லுத மாதிரியே செய்யி. தரை வேறல்லா" என்றார். அதை நீ மறந்துவிட்டாய் என்றுதான் இவ்வளவு தூரம் வந்து எழுதுகிறேன். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்த விடுமுறை முழுக்க நீ குதிகாலைத் திருப்பிக்கொண்டிருந்தாய், அவர் கீழே கடைக்கு வருகிறவர்களிடம், "மேல சத்தம் கேக்கா? மகன் பழகுதான். யுனிவர்சிட்டிக்கு எடுக்கப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யூரியா வாங்க வந்த பாவப்பட்ட மனிதர்கள் மேலே பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மதுரையில் யுனிவர்சிட்டி அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வுப் போட்டிக்கு நாங்கள் இருவரும் வந்தோம். அன்றைக்கு நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறாய். நான் பார்த்ததையும் தெரிந்துகொள். கடைசிச் சுற்று. அந்த உயரமான பையன் உன்னைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்தான். நீ நிலை தடுமாறினாய். கேலரியில் உன் அப்பா எழுந்து நின்றுவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அது பயம். வேறு எதுவும் அந்த முகத்தில் இல்லை. நீ சின்னப் பிள்ளையாகக் காட்டில் வழுக்கி விழப் போகும்போது அவருக்கு வரும் அதே முகம். பயந்த நேரத்தில் வாய் யோசித்தா பேசுகிறது? அது பழைய சொல்லைத்தான் எடுக்கும். "ஊனுலே! கால ஊனு!" என்று கத்தினார். அத்தனை பேர் சத்தத்திலும் அந்தக் குரல் உன்னிடம் போய்ச் சேர்ந்தது. என் கண் வழக்கம்போல உன் ஊன்றிய காலில்தான் இருந்தது. வலது கால் மேலே போயாகிவிட்டது, இடது குதிகால் அழகாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. பாதி வழியில் அது நின்றது. ரப்பர் விரிப்பு பாதத்தைப் பிடித்துக்கொண்டது. உடம்பு திரும்பிப் போய்விட்டது. நடுவில் முழங்கால் இருந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து, இனி போட்டி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன அந்த மத்தியானத்தை நான் தினமும் நினைக்கிறேன். இரண்டு மாதமாக நீ வேறு எதையும் பேசியதில்லை, யுனிவர்சிட்டி, பிறகு போலீஸ் வேலை, பிறகு இந்தியாவுக்கு ஆடுவது. ஒரு வார்த்தையில் அத்தனையும் போயிற்று. உன் அப்பா கட்டில் பக்கத்தில் போய் உன் தலையில் கை வைத்தார்.

"மனச விட்டுராதலே. ஒரு வருசம் போகட்டும், நான் சொல்லுதேன்..."

நீ அவர் கையை எடுத்துக் கீழே வைத்தாய். தட்டிவிடவில்லை, மெதுவாக எடுத்து வைத்தாய். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

"உங்க சத்தம் கேட்டுச்சுப்பா. திரும்பிக்கிட்டு இருந்த காலு நின்னுட்டு. இனிமே எனக்கு நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. ஒரு வார்த்தை சொல்லாதீங்க."

"சரி" என்றார்.

அவர் உன்னிடம் கடைசியாகச் சொன்ன சொல் அது. அதற்குப் பிறகு நம் வீட்டில் நடந்தது உனக்கே தெரியும். ஒரே வரிசையில் சாப்பிட உட்கார்ந்து, "ஏட்டி, அவனுக்கு முட்டை வேணுமான்னு கேளு" என்பார். ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, "வேண்டாம்னு சொல்லும்மா" என்பாய். நான் இருவருக்கும் நடுவில் நின்று துபாஷி வேலை பார்த்தேன். "அவருக்கு இருக்க கொழுப்பப் பாத்தியாம்மா, தெரியாம கத்திட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுதாரா பாரு" என்று அடுப்படியில் வந்து என்னிடம் பொருமுவாய். எனக்கும் அவர்மேல் கோபம்தான் வந்தது. ஆம்பிளை வீம்பு என்று நினைத்தேன்.

நீ வேலை கிடைத்து ஊரை விட்டுப் போன அன்று ஐப்பசி மழை. ஸ்டேஷனில் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, அவர் இறங்கி உன் ஜன்னலோரம் வந்து நின்றார். நீ எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். வண்டி அசைந்தது. அவர் வாயைத் திறந்தார். அவர் உனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்து, "அண்ணாச்சி, அந்தக் கண்ணாடிய மட்டும் கொஞ்சம் எறக்கி விட்டுருங்க. சாரல் அடிக்கும், அவனுக்கு ஈரக்காத்து ஒத்துக்கிடாது, நெஞ்சுல சளி கட்டிரும்" என்றார். அந்த மனிதர் உன்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். உன் முகம் மங்கலாகிவிட்டது. நீ அழுதாயா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். மார்கழியில் அவர் தினமும் விடிந்ததும் காட்டுக்குப் போய்வரத் தொடங்கினார். மிளகாய்ச் செடி நிற்கிறது, பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். வரும்போது வேட்டியெல்லாம் மண். முதுகில் மண், முழங்கையில் சிராய்ப்பு. கேட்டால், "வரப்புல வழுக்கிட்டு" என்பார். தினமும் ஒரு மனிதர் தன் வரப்பில் வழுக்கி விழுவாரா? ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், முதல் பஸ்ஸைப் பிடித்து நானும் போனேன். மிளகாய்க்கு இந்தப் பக்கம், உன்னைப் பழக்கிய அந்தத் தரிசுத் துண்டில் அவர் நின்றிருந்தார். ஈர மண்மேல் கடையிலிருந்து கொண்டுவந்த உரச்சாக்கை விரித்துப்போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார். சாக்கின்மேல் நின்று, பக்கத்துப் பனைமரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வலது காலைப் பக்கவாட்டில் தூக்கி வீசினார். கால் இடுப்பு உயரம்கூட வரவில்லை. வீசும்போதே பிடித்திருந்த கையை விட்டுவிட்டு இடது பாதத்தைத் திருப்பப் பார்த்தார். விழுந்தார். சாக்கைத் திரும்ப நேராக இழுத்துப்போட்டு, எழுந்து நின்று, மறுபடியும் வீசினார். நாற்பத்தெட்டு வயது மனிதர், எய்யா. ஆள் இல்லாத காட்டில்.

நான் மறைந்து நின்று திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் தடவை அவர் விழுந்தபோது என் கால் தானாக ஓடிவிட்டது.

"என்ன செய்யுதீங்க?"

அவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாட்டிக்கொண்ட மாதிரி மண்ணைத் தட்டினார். "ஒண்ணும் இல்ல. அந்தக் கோச் சொன்னாருல்லா, கால திருப்பணும்னு. அதச் செஞ்சு பாக்குதேன்."

"இந்த வயசுலயா? எதுக்கு?"

"நான் கத்தாம இருந்திருந்தா அவன் காலு எப்படிப் போயிருக்கும்னு பாக்கணும்."

சாக்கின் ஓரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டேன், இவ்வளவு மனசுக்குள் வைத்துக்கொண்டு போனில் அவனிடம் ஒரு வார்த்தை பேசினால்தான் என்ன என்று.

"ஒரு வார்த்தை சொல்லாதீங்கன்னு சொல்லியிருக்காம்லா."

"அது கோவத்துல சொன்னது."

"இருக்கட்டும். பயத்துல நான் சொன்ன ஒரு சொல்ல அவன் கேட்டான். முட்டி போச்சு. அவன் சொன்ன ஒரு சொல்லயாவது நான் கேக்க வேண்டாமா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நாம் இரண்டு பேரும் வீம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது வீம்பில்லை. அவர் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறார். சாப்பாட்டு வரிசையில், ஸ்டேஷனில், போனுக்குப் பக்கத்து நாற்காலியில், அவர் உனக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருக்கிறார். பேசாதே என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் பேசு என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. அவர் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்கிறவர். நீயும் அப்படித்தான். ஊன்று என்றால் ஊன்றிவிட்டாய். உங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

இன்னும் ஒன்று இருக்கிறது. அவர் காலைத் தப்பான பக்கம் திருப்புகிறார். நான் ஊன்றிய காலைப் பார்த்தே பழகியவள், எனக்கு உடனே தெரிந்துவிட்டது. குதிகாலை முன்னால் கொண்டுவராமல் பின்னால் தள்ளுகிறார். இடுப்பு ஒரு பக்கம் போகிறது, பாதம் எதிர்ப்பக்கம் போகிறது. விழாமல் என்ன செய்வார்? சொன்னேன். "ஒனக்கு என்ன தெரியும், புஸ்தகத்துல போட்டுருந்துச்சா?" என்றார். இல்லை, பத்து வருஷம் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தேன் என்றேன். சிரித்தார். கேட்கவில்லை. அடுத்த நாளும் போனார். தை பிறந்து, மிளகாய் பழுத்து, கொண்டுபோய்க் காயப்போட்டும் ஆகிவிட்டது. மண் இறுகிப் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. இன்னும் போகிறார். இப்போது அவருக்கு இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. மாடிப்படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுகிறார். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஏறிய மாதிரியே. டாக்டரிடம் போகலாம் என்றால், "அவனுக்கு வலிச்சதுல பாதிகூட இல்ல" என்கிறார்.

நீ அவரை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். போனது உன் கால், உன் ஆசை. அதை விட்டுக்கொடு என்று சொல்ல அம்மாவுக்குக்கூட உரிமை இல்லை. உனக்கு அங்கே படி ஏறும்போது வலிக்கிறதா, முட்டி உறையைப் போட்டுக்கொள்கிறாயா, வேலை நேரம் முழுக்க நிற்கச் சொல்கிறார்களா என்று நினைத்து எனக்குத் தூக்கம் போகிற நாள்கள் உண்டு. அந்த வலி இருக்கிற வரைக்கும் கோபமும் இருக்கட்டும். ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. அதை உன்னைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது.

இதைப் படித்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை, என்னிடம் பேசி முடித்ததும் போனை வைத்துவிடாதே. நான் ரிசீவரை அவர் கையில் கொடுக்கிறேன். முட்டியைப் பற்றி நீ பேச வேண்டாம், மதுரையைப் பற்றியும் பேச வேண்டாம். அவர் பக்கத்திலிருந்து சத்தமே வராது, லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. குதிகால் முன்னால் வர வேண்டும் என்று மட்டும் சொல்லு. கோச் உனக்குச் சொன்ன மாதிரி, கோடு எங்கே போடணும், இடுப்பு எப்போது போகணும் என்று நிதானமாகச் சொல்லு. நீ சொல்லச் சொல்ல அவர் கூடத்தில் நின்று, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார். விழாமல் நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன் அம்மா